கால் வேலியும் அரைக்கால் வேலியும்

(உத்திரமேரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'எந்த வயதிலும் கல்வி. பிற்காலத்துக்கான ஏற்பாடு' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதை வேறு ஊரில் பேசியிருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்திருப்பேன். உத்திரமேரூரில் அந்தக் கவலை இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் தொடங்கலாம்.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும், இவ்வூர்ச் சபை செய்த ஏற்பாடுகள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. குடும்புகள் என்ற 30 ஊர்ப் பிரிவுகள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை, ஓலையை எடுத்துக் கொடுக்க ஒன்றும் அறியாத சிறுவன், கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற விதி: இவையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. பள்ளிப் பாடம் அவசரமாகக் கடந்துபோகும் இரண்டு செய்திகளைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன்.

முதலாவது, தகுதி. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வேதமும் அதற்குரிய பாஷியம் ஒன்றும் கற்று, பிறருக்கு எடுத்துச் சொல்ல வல்லவனாக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். வேலிக் கணக்கு மறந்துபோன பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கால் வேலியில் பாதிதான் அரைக்கால் வேலி. நிலத்தில் குறைந்ததைக் கல்வி ஈடுகட்டியது. கல்விக்கு நிலத்தைக் கொண்டே விலை வைத்த சபை அது.

இரண்டாவது, வாரியங்கள், அதாவது ஊர்க் காரியங்களைப் பார்க்கும் குழுக்கள், அமைந்த முறை. தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பது பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். ஆண்டு வாரியத்துக்கு யார்? முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து பழகியவர்கள், கல்வியில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள். தோட்டத்தையும் மதகையும் கண்ணால் பார்த்துக் கணக்கெழுதிப் பழகியவன், பிறகு மொத்த ஊரையும் பார்க்கும் இடத்துக்கு வருகிறான். இன்று நாம் 'ஓய்வு' என்று பேர் வைத்து ஒதுக்கும் பருவத்தை, கற்றதைப் பயன்படுத்தும் பருவமாக அந்த ஏற்பாடு கண்டது. பொறுப்பு வகித்தவர் மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வர முடியாது என்ற விதியும் இருந்ததால் இடம் அடுத்தவருக்குக் கிடைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரின் சபை. நிலமும் வேதமும் உடைய ஆண்கள் மட்டுமே அதில் உட்கார்ந்தார்கள். ஏரியைத் தோண்டியவர்களுக்கும், நாற்று நட்ட பெண்களுக்கும் அந்த ஓலையில் பெயர் இல்லை. அவர்களுடைய பேத்திகளும் கொள்ளுப் பேரன்களும்தான் இந்த அவையில் பாதிக்கு மேல் அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் கல்வெட்டு சிலருக்கு மட்டும் கொடுத்ததை எல்லாருக்கும் கொடுப்பது எப்படி என்பதே என் கேள்வி.

ஏன் இப்போது அந்தக் கேள்வி என்றால், தமிழ்நாடு வேகமாக முதுமை அடைந்துவருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேர். மக்கள்தொகை மதிப்பீட்டுக்கான ஒன்றிய அரசின் வல்லுநர் குழு, 2021இல் இது 13.6 விழுக்காடு என்றும் 2031இல் 18.2 விழுக்காடு என்றும் கணித்தது. நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதைப் புள்ளிவிவரம் இல்லாமலே பார்க்கலாம். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அதன் பிறகு தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தாக்களும் ஆயாக்களும்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், ரேஷன் கடைக்குப் போவதும், பேரப் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அவர்களே. ஊரை நடத்துவது அவர்கள். ஆனால் ஒரு காகிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு வேறொருவர் வேண்டும்.

முதியவர் ஒருவர் வாழ்வில் நேரும் பெரிய இழப்புகளை எண்ணிப் பாருங்கள். நோயை விடுங்கள், அது எல்லாருக்கும் வரும். மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரு காகிதத்தில் தொடங்குகின்றன. படிக்காமல் கைநாட்டு வைத்த காகிதம், நேரத்துக்குக் கொடுக்காமல் விட்ட காகிதம், இருக்கிறதென்றே தெரியாமல் போன காகிதம்.

1990களில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திய ஆயிரக்கணக்கான தொண்டர்களில் நானும் ஒருத்தி. அந்த இயக்கத்தின் பாடப் புத்தகம் 'அம்மா, ஆடு' என்று தொடங்கவில்லை. பெரியவர்களுக்குக் குழந்தைகளின் புத்தகம் வேண்டாம் என்று அதைச் செய்தவர்கள் தெளிவாக இருந்தார்கள். முதல் பாடத்திலேயே 'பட்டா' வந்துவிட்டது. களையெடுத்துவிட்டு, உலை வைத்துவிட்டு, தூக்கக் கண்ணோடு வந்த பெண்கள் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தன் நிலத்தின் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே படிக்க முடியும் என்றால் எவரும் நாற்பது வயதிலும் எழுத்துக் கற்பார். புதுக்கோட்டையில் 1991, 92இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அது இன்னும் ஒரு படி போயிற்று. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் உடைத்தவர்களும் வயலில் நட்டவர்களும் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் ஏறினார்கள். வயதுவந்தோர் கல்வி வெற்றி பெற்ற இடங்களிலெல்லாம் காரணம் இதுவே: கற்றது மறுநாளே உதவியது.

இன்று அந்தப் புத்தகத்தை மீண்டும் எழுதச் சொன்னால் பட்டாவுக்கு அடுத்த பாடமாக நான் 'செட்டில்மென்ட்' பத்திரத்தை வைப்பேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பிள்ளை வந்து, "பின்னால் தகராறு வரக் கூடாது, இப்பவே எழுதி வச்சிடுங்கப்பா" என்கிறான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் போகிறார்கள். பத்திரம் எழுதுபவர் ஒருமுறை வேகமாக வாசிக்கிறார். பெரியவர் தலையாட்டுகிறார். அவர் மனத்தில் அது உயில். 'நான் போன பிறகு உனக்கு'. காகிதத்தில் இருப்பதோ தான செட்டில்மென்ட், 'இன்றிலிருந்தே உனக்கு'. உயிலை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட்டை அப்படித் தானாக மாற்ற முடியாது. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால் சொந்த வீட்டுத் திண்ணையில் விருந்தாளியாகிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நல்ல பிள்ளைக்கும் கடன் வரும், நல்ல பிள்ளையும் திடீரென்று இறந்துபோகலாம். அப்போது வீடு யார் கையில் போகும் என்று யோசித்தாலே போதும்.

சட்டம் இங்கே முதியவர் பக்கம் நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவு, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்க வழி செய்கிறது. வழக்கறிஞர் வைத்து நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக இருந்தாக வேண்டுமா என்பதில் நெடுநாள் வாதம் நடந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியோர் நலன் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பினால் எழுதிக் கொடுப்பதிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. இருந்தாலும் நான் சொல்வேன்: வழக்குப் போட்டு வாங்கும் நீதியைவிட, பத்திரத்தில் முதலிலேயே எழுதிவைத்த இரண்டு வரி நல்லது. 'எங்கள் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை எங்களுக்கு. எங்களைப் பராமரிக்க வேண்டும்.' இதைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தெரிந்த அம்மா, பட்டம் பெறாவிட்டாலும் படித்தவர்தான்.

இனி கம்பெனி பஸ்ஸில் போகும் பிள்ளைகளிடம் வருகிறேன். முதுமை பற்றிய பேச்சில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதிக வேலை இவர்களுக்குத்தான்.

கான்ட்ராக்டில் சேர்கிறார்கள். சம்பளத்தில் 12 விழுக்காடு பி.எஃப். பிடிக்கிறார்கள். நிறுவனமும் அதே அளவு போடுகிறது. நிறுவனம் போடுவதில் 8.33 விழுக்காடு, 15,000 ரூபாய் சம்பள வரம்புவரை, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் கான்ட்ராக்ட் முடிகிறது. பிள்ளை செய்யும் முதல் காரியம், பி.எஃப். பணத்தை எடுப்பது. பைக்குக்கு முன்பணம், தங்கை கல்யாணத்துக்கு மொய், அல்லது சும்மா. மொத்தமாக எடுக்கும்போது ஓய்வூதியக் கணக்கையும் சேர்த்தே முடித்துவிடுகிறான். அடுத்த கம்பெனியில் மறுபடி முதல் நாளிலிருந்து கணக்கு. இப்படியே நாற்பது வயதாகும்போது இருபது ஆண்டு உழைத்திருப்பான், கணக்கில் இரண்டு ஆண்டுதான் இருக்கும்.

மாதாந்திர ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. யு.ஏ.என். என்ற உங்கள் நிரந்தர பி.எஃப். எண் ஒன்றே போதும். ஒவ்வொரு இடத்து ஆண்டும் அதில் சேரும். வேலை இல்லாத இடைவெளியில் ஓய்வூதியப் பங்கை எடுக்காமல், அதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் என்ற ஒரு காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம். 58 வயதில் கணக்கு எப்படி வரும்? ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்குப் பத்து ஆண்டென்றால் மாதம் 2,142 ரூபாய். முப்பது ஆண்டென்றால் 6,428க்குக் குறையாது. பெரிய பணமில்லை என்பதை நானும் அறிவேன். ஆனால் ஊரில் இரண்டு பேர் சாப்பிட, மாத்திரை வாங்க, மகனிடம் கை நீட்டாமல் இருக்க அது உதவும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான் இந்தக் கணக்கு. பத்தாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு சொல்லித் தருகிறோம், இதைச் சொல்லித் தருவதில்லை. ஆசிரியராக இருந்தவள் என்ற முறையில் இது எனக்கு ஆறாத வருத்தம்.

கம்பெனி வேலையும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நாற்று நடுபவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், தையல் போடும் பெண்கள். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கிவைத்தது நம் காஞ்சிபுரத்தில்தான். மாதம் ஆயிரம் ரூபாய் தன் பெயரில், தன் கணக்கில் வந்து விழுவதை வாழ்வில் முதல்முறையாகப் பார்த்த பெண்கள் பலர். அந்த ஆயிரத்தில் வீட்டுச் செலவு போகத்தான் செய்யும். போகட்டும். வீட்டில் 18 வயதில் ஒரு பெண் இருந்தால் அவளுக்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய். அதே 5,000 வேண்டும் என்று 40 வயதில் சேர்ந்தால் மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். 40 தாண்டினால் சேரவே முடியாது. நாற்பதிலும் வழி அடைபடவில்லை: ஆயிரம் ரூபாய் ஓய்வூதியத்துக்கு அந்த வயதில் மாதம் 291 ரூபாய். இன்னும் நாற்பது ஆண்டு கழித்து ஐயாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறீர்கள். 1962இல் இம்மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது அது மாதம் 20 ரூபாய். 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. பணம் தேயும். அதனால்தான் இந்த ஒன்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், அஞ்சலகத்தில் சிறு சேமிப்பும், கையில் ஒரு தொழிலும் கூடவே வேண்டும் என்கிறேன்.

கையில் ஒரு தொழில் என்றது, உடம்பு தளர்ந்த பிறகும் செய்யக்கூடிய தொழில். மூட்டை தூக்குபவருக்கும் கல் உடைப்பவருக்கும் ஐம்பதிலேயே முதுகு போய்விடுகிறது. முப்பத்தைந்தில், நாற்பதில், உடம்பு இன்னும் தெம்பாக இருக்கும்போதே இரண்டாவது வேலை ஒன்றைக் கற்றுவைக்க வேண்டும்: மின் மோட்டார் பழுது பார்ப்பது, நாற்றங்கால் வளர்ப்பது, கணக்கு எழுதுவது, நில அளவைக்குத் துணை போவது. விட்ட படிப்பைத் தொடர்வதற்கும் வயது தடையில்லை. எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்காகவே உண்டானவை.

அறுபதைக் கடந்தவர்களிடம் கடைசியாக வந்திருக்கிறேன், குறைவாகச் சொல்ல அல்ல. 'இனிமே படிச்சு என்ன ஆகப் போகுது' என்ற சொல்லை நம் வீடுகளில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் சொல்கிறார்கள். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல், தமது 96ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். கோயில்களையும் தெருக்களையும் கூட்டிப் பெருக்கி வாழ்ந்தவர் அவர். பிறகு குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது வாங்கினார். கென்யாவில் கிமானி மருகே என்ற விடுதலைப் போராளி 2004இல் 84 வயதில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். பிரான்சில் துலூஸ் நகரப் பல்கலைக்கழகம் 1973லேயே முதியவர்களுக்கென்று வகுப்புகளைத் திறந்தது. அது உலகமெங்கும் பரவியது. மறதி நோய் பற்றி ஆராய்ந்த லான்செட் இதழின் வல்லுநர் குழு 2024இல் தந்த அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. இளமையில் கல்வி கிடைக்காமல் போனது அவற்றில் ஒன்று. காது கேளாமை, தனிமை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காதுக்குக் கருவி வாங்கித் தருவதும், பெரியவரைப் பேச்சில் சேர்த்துக்கொள்வதும் மருத்துவம்தான் என்று அந்த அறிக்கையைப் படித்த பிறகு எனக்குப் பட்டது.

முதியவர்களுக்கு இன்றைக்கு உடனே வேண்டிய எழுத்தறிவு கைபேசியில் இருக்கிறது. ஓ.டி.பி. எண்ணை வங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்பவருக்குக் கொடுக்கக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உள்ளே வைத்துக்கொள்ளாமல் அந்த மணி நேரத்திலேயே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேச வேண்டும். வீட்டிலோ வெளியிலோ கொடுமை நேர்ந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு. இந்த இரண்டு எண்களையும் சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? இங்கேதான் எனக்கு மீண்டும் வாரியம் நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், வங்கி எழுத்தர்கள், செவிலியர்கள், அஞ்சல்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒருவருக்குப் பட்டா தெரியும், ஒருவருக்குப் பாஸ்புத்தகம் தெரியும், ஒருவருக்கு மாத்திரைச் சீட்டு தெரியும். தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகியவர்கள் என்று கல்வெட்டு சொன்னதற்கு இன்றைய வடிவம் இவர்கள்தான். 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1948இல் நாட்டுக்கே முன்னோடியாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மரபில் வந்த நூலகங்களில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் கிடைக்காதா?

அறக்கட்டளையினரிடம் என் வேண்டுகோள் இதுவே. ஆண்டுதோறும் வட்டியில் ஒரு சொற்பொழிவும் மாணவர்க்குப் பரிசும் தருகிறீர்கள். பரிசு தொடரட்டும். சொற்பொழிவுக்கு ஆகும் செலவை, எனக்குத் தந்த இந்தத் தொகையில் தொடங்கி, அந்த மேசைக்குத் திருப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிமுதல் ஒரு மணிவரை இரண்டு பேர் உட்காரட்டும். யார் எந்தக் காகிதம் கொண்டுவந்தாலும் படித்துக் காட்டட்டும், நிரப்பிக் கொடுத்துவிடாமல், எப்படி நிரப்புவது என்று அவர் கையில் பேனாவைக் கொடுத்துக் காட்டட்டும். சுற்றுக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் கேளுங்கள். ஒரு கூட்டத்தில் செட்டில்மென்ட், ஒன்றில் பி.எஃப்., ஒன்றில் உதவித்தொகை மனு. முதல் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயரை இந்த அவையிலிருந்து எதிர்பார்க்கிறேன்.